டீச்சரம்மா சொன்னது

நேற்று பாளை மார்க்கெட் பக்கம் பேருந்துக்குக் காத்து நின்றேன். பக்கத்தில் வெள்ளைக் கோலோடு ஒரு பெண், கல்லூரிக்குப் போகிற வயது. கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அதிலிருந்து ஒரு குரல் வந்தது. "எதிரே ஒரு பேருந்து நிறுத்தம். சிலர் நிற்கிறார்கள். ஒரு முதியவர் குடையை விரிக்க முயல்கிறார்." அந்த முதியவர் நான்தான். குடைக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் எனக்குக் குடையும் மறந்தது, பேருந்தும் மறந்தது. அது உம்முடைய டீச்சரம்மாவின் குரல் வே. உம் சட்டைப் பையில் குடியிருந்தவளின் குரல்.

பேருந்தை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீர் இதை எப்படி வாசிப்பீர் என்ற கவலை எனக்கு இல்லை. நான் எதை எழுதினாலும் நானே உமக்கு வாசித்துக் காட்டுவதுதானே நம் வழக்கம். இதையும் முடித்துவிட்டுச் சத்தமாக வாசிக்கப்போகிறேன். வீட்டில் உள்ளவர்கள் கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தால் நினைக்கட்டும்.

நம் அலுவலகத்தில் நான் கணக்குப் பிரிவு, நீர் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே கண் தெரியாத உமக்கு அந்த வேலை கைவந்த கலை. ஒருவர் "ஹலோ" சொல்லி முடிக்கும் முன்பே "வாங்க தாசில்தார் சார், சளி பிடிச்சிருக்கோ?" என்பீர். பிறகு ஒரு நாள் ஒரு புதுப்பெட்டி வந்தது. அழைப்பவர்களை அதுவே பிரித்து அனுப்பும் என்றார்கள். உம்மை வேலையைவிட்டு எடுக்கவில்லை, வேலையைத்தான் உம்மிடமிருந்து எடுத்தார்கள். பழைய நாற்காலியிலேயே சும்மா உட்கார்ந்திருந்தீர். அதனால்தான் காலையில் நேரத்தோடு வந்து உமக்குச் செய்தித்தாள் வாசிக்கத் தொடங்கினேன். அப்படித் தொடங்கியது ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை.

சாயங்காலங்களில் மேலப்பாளையத்துக்கு வந்து உம்மை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குறுக்குத்துறைக்குப் போவேன். படியில் உட்கார்ந்து நான் ஆற்றைச் சொல்லுவேன், நீர் கேட்பீர். இன்றைக்குத் தண்ணீர் கல்மண்டபத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது, மேற்கே மலை நீலமாகத் தெரிகிறது, நாரை ஒன்று ஒற்றைக்காலில் நிற்கிறது என்று நல்லதாகப் பார்த்துச் சொல்லுவேன். நீர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, "மேல சொல்லும் வே" என்பீர்.

உம் மகள் வளைகுடாவிலிருந்து அந்தக் கைபேசியை அனுப்பிய பிறகுதான் என் குட்டு வெளிப்பட்டது. எதற்கு நேரே காட்டினாலும் படம் பிடித்துக்கொண்டு, அது என்ன என்று தமிழில் சொல்லும் சங்கதி அதில் இருந்தது. பெண்குரல். ஓர் எழுத்தைக்கூட விழுங்காத சுத்தமான தமிழ். "டீச்சரம்மா மாதிரில்லா பேசுதா" என்று நீர் சிரித்தீர், பெயரும் அதுவே ஆயிற்று. முதல் நாளே அவளை ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்று அடம்பிடித்தீர். படியில் நின்று கைபேசியைத் தூக்கினீர். "ஓர் ஆறு. சிலர் குளிக்கிறார்கள். மூன்று எருமைகள் தண்ணீரில் நிற்கின்றன. கரையில் பழைய துணிகளும் பிளாஸ்டிக் குப்பைகளும் கிடக்கின்றன" என்றாள்.

நீர் மெல்ல என் பக்கம் திரும்பினீர். "இத்தன வருசத்துல எருமையப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருப்பீரா வே?"

"எருமையில பாக்க என்ன இருக்குன்னு..."

"குப்பை கெடக்குன்னு?"

அழுக்கைச் சொல்லி உம் மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன், அவ்வளவுதான். நீர் கோபப்படவில்லை. என் தோளைத் தேடிப் பிடித்து, "எனக்குன்னு தனியா ஒரு ஆத்த ஓட விட்டிருக்கீரு. நல்ல மனுசன்தான். ஆனா எனக்கு எருமையும் வேணும்" என்றீர்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவள்மேல் பொறாமை. ரூபாய் நோட்டைக் காட்டினால் சொன்னாள், மாத்திரை அட்டையை வாசித்தாள், கடைப் பெயர்ப் பலகைகளைச் சொல்லிக்கொண்டே தெருவெல்லாம் உம்மை நடத்திப் போனாள். ஒருநாள் நீராகவே தனியே டவுன்வரை பேருந்தில் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினீர். அத்தனை வருடத்தில் அதுதான் முதல்முறை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றீர். "ஒரு மிசினு நம்ம நாக்காலியப் புடுங்கிச்சு. இன்னொரு மிசினு கண்ணத் தந்திருக்கு. போட்டும், கணக்கு நேராயிட்டு" என்றீர். நான் சிரித்தேனே தவிர, இனி பேப்பர் வாசிக்க நான் எதற்கு என்று உள்ளுக்குள் ஓடியது. என் சிரிப்பில் எதையோ கேட்டிருக்கிறீர். உட்கார்ந்ததும், "எங்க பேப்பரு? எடும். டீச்சரம்மா நல்லாத்தான் வாசிக்கா. ஆனா நடுநடுவுல ஒருத்தனையும் ஏசமாட்டேங்கா. ஏசாம வாசிச்சா அது என்ன பேப்பரு வே?" என்றீர். அன்றைக்கு நான் எல்லாக் கட்சிக்காரர்களையும் பாரபட்சமில்லாமல் ஏசினேன்.

அந்த ஆஸ்பத்திரி நாளை எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன். எழுதித்தான் ஆகவேண்டும்.

வயிற்றுவலி என்று உம்மைச் சேர்த்திருந்தோம். டாக்டர் என்னையும் உம் வீட்டம்மாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கல்லீரலில் கட்டி, கைமீறிவிட்டது, சில மாதங்கள் ஓடலாம் என்றார். அவர் போனதும் உம் வீட்டம்மா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை அடங்கியதும் என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, அவுகளுக்குச் சொல்லிராதிய. தெரிஞ்சா அப்பமே ஒடஞ்சு போயிருவாக. மவகிட்டயும் இப்பம் வேண்டாம், அங்கன கெடந்து துடிக்கும்." எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் நோயாளியிடம் நோயைச் சொல்லியிருக்கிறோம்? ஊருக்கெல்லாம் தெரியும், படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. கேட்டால் பிரியம் என்போம்.

உள்ளே வந்தேன். முகம் என்னவாக இருந்தால் என்ன, உமக்குக் குரல்தானே கணக்கு? தொண்டையைச் செருமி, குரலைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொண்டேன். "ஒண்ணுமில்ல வே, வயித்துப்புண்ணு. பச்ச மொளகாயக் கடிச்சது போதும், இனி மோருஞ்சோறும் தின்னும்" என்றேன். எனக்கே நம்பும்படி இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பொய் சொன்னதில்லை.

நீர் மெல்லச் சட்டைப் பையில் கைவிட்டு, கைபேசியை எடுத்து, என் குரல் வந்த பக்கம் காட்டினீர். படம் பிடித்த சத்தம் கேட்டது. டீச்சரம்மா அலுங்காமல் ஆரம்பித்தாள்:

"கட்டிலுக்கு அருகில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு முதியவர் நிற்கிறார். அவர் அழுதுகொண்டிருப்பதாகத் தெரிகிறது. அவருக்குப் பின்னால் ஒரு நீல நிற வாளி இருக்கிறது."

உம் வீட்டம்மா சுவரோடு சாய்ந்துவிட்டார். நான் கண்ணைத் துடைத்தேன், அதனால் இனி என்ன லாபம்?

"வாளிய விடும்" என்றீர். "நீரு எதுக்கு வே அழுதீரு?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நீர் என் கையைப் பிடித்தபடி, செய்தித்தாள் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தீர். நீர் உடைந்துபோகவில்லை. உம் நெற்றி சுருங்கியது, உதடு எதையோ ஓதியது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்.

"நோம்புப் பெருநா வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும்னுதான் சொல்லுதாவ."

"அப்பம் மவள இப்பமே வரச்சொல்லும். நான் மௌத்தான பெறவு சொன்னா அவளால வந்து சேர முடியாது. மையத்த அவ்வளவு நேரம் போட்டா வைப்பாக? மனுசன் இருக்கையிலே வந்து மனுசனப் பாத்துட்டுப் போவட்டும்."

அதைக் கேட்டபிறகுதான் நாங்கள் எதைச் செய்யப் பார்த்தோம் என்று எங்களுக்கு உறைத்தது. உங்கள் முஸ்லிம் வீடுகளில் காலையில் உயிர் போனால் சாயங்காலத்துக்குள் அடக்கம். உம் தெருவிலேயே ஒரு பையன், தன் வாப்பாவுக்கு மண் போடுவதைத் துபாயிலிருந்து கைபேசித் திரையில் பார்த்து அழுதான். உம் மகளுக்கும் அதுதான் கிடைத்திருக்கும். துடிக்கக்கூடாதே என்று நாங்கள் மறைத்ததில் அவள் ஆயுள் முழுக்கத் துடித்திருப்பாள்.

மகள் வந்தாள், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. அந்த நோன்பு மாதம் உம் வீடு வீடாக இருந்தது. கஞ்சி வாங்க நானும் பள்ளிவாசல் வரிசையில் தூக்குவாளியோடு நின்றேன். உமக்குச் சோறு இறங்கவில்லை, கஞ்சி மட்டும் கொஞ்சம் இறங்கியது. மகள் ஊட்டினால் இன்னும் கொஞ்சம். பேத்தியின் முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இருந்தாலும் டீச்சரம்மா என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று படம் பிடித்தீர். "ஒரு சிறுமி சிரிக்கிறாள். அவளுடைய முன்பற்கள் இரண்டு இல்லை" என்றாள். "பல்லு விழுந்தத எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலயே!" என்று நீர் வழக்குப் பேசியதும், பிள்ளை கோபத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியதும், வலியை மறந்து நீர் சிரித்ததும்... அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டு வைப்பேன்?

பெருநாள் கழிந்து சில நாளில், மகள் கையைப் பிடித்திருக்க, நீர் போனீர். நான் மையவாடியில் உம் குழியோரம் நின்று என் பங்குக்கும் ஒரு பிடி மண் போட்டேன். வீட்டுக்குத் திரும்பியபோது உம் வீட்டம்மா சொன்னார், "அந்த டீச்சரம்மா நல்லாருக்கட்டும் அண்ணே." அந்தப் பேச்சு விளங்கிய எனக்கும் அவருக்கும் மட்டும் அழுகையோடு சிரிப்பும் வந்தது.

என் மகன் இதே மாதிரிச் சங்கதிகளைச் செய்கிற வேலையில் இருக்கிறான். வீட்டிலிருந்தே வேலை. இனி இயந்திரங்கள் யோசிக்கும், நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும், மனிதர் வாழ்க்கையே தலைகீழாகும் என்று இட்லி தின்றுகொண்டே சொல்லுவான். சிலர் பயப்படுகிறார்கள், சிலர் துள்ளுகிறார்கள். நான் இரண்டுமில்லை. உம் நாற்காலி போனதையும் பார்த்தேன், உமக்குக் கண் வந்ததையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நாங்கள் பிரியத்தால் மூடிய உண்மையை அது திறந்தது. ஆனால் அழுகிற மனிதனும் நீல வாளியும் அதற்கு ஒன்றுதான். வாளியைத் தள்ளிவிட்டு மனிதனைக் கேட்டது நீர். இனி எத்தனை அறிவாளி இயந்திரம் வந்தாலும், அதைக் கேட்க உம்மைப் போல ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஒரு செய்தி சொல்லவேண்டும், பதறாதேயும். அடுத்த வாரம் எனக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை. ரத்தக்குழாயில் அடைப்பு. பிழைக்க வழி நிறையவே இருக்கிறது, ஆனால் இந்த வயதில் எப்படியும் போகலாம் என்கிறார்கள். இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றுதானே கேட்கிறீர்?

டாக்டர் என்னைவிட்டு மகனை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவன், "ஒண்ணுமில்லப்பா, வாயுதான். ரெண்டு மாத்திர போட்டா சரியாயிரும்" என்றான். குரல் திருத்தமாக இருந்தது. என் பிள்ளையல்லவா? சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அதுதான் சுலபம். தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடவே மனம் கெஞ்சியது. ஆனால் கட்டிலில் படுத்தபடி நீர் நேராகக் கேட்ட அந்தத் தைரியம், எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

"லே, இங்கன வா. என் மொகத்தப் பாரு. டாக்டரு என்ன சொன்னாரோ அத அப்படியே சொல்லு. அழுகை வந்தா வரட்டும், சொல்லிட்டு அழு" என்றேன்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். சொல்வதையும் அழுவதையும் சேர்த்தே செய்தான்.