கோமதி வாசல்வரை நடந்தாள்

நேற்று வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இலையில் எலுமிச்சைச் சாதம் விழுந்தபோது, கழுவிவிட்ட தரையின் பினாயில் வாசனையும் கூடவே வந்தது. அப்போதுதான் தெரிந்தது, அதே மண்டபம். சுவருக்கு ரோஸ் நிறம் அடித்திருக்கிறார்கள். வாசலின் இரும்புக் கதவு மட்டும் பழையது. அதன் பிறகு பந்தியில் பக்கத்தில் இருந்தவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை, வக்கீலம்மா. உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருடங்களுக்கு முன், அன்று ஊருக்கு அமைச்சர் வருகை. சாலைக்காகத் தங்கள் நிலத்தை எடுக்கக் கூடாது என்று மனு கொடுக்க, அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் கலெக்டர் அலுவலகத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். போலீஸ் வழியிலேயே மடக்கி இந்த மண்டபத்தில் இறக்கிவிட்டது. எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு: ‘மண்டபத்தில் தங்க வைக்கப்பட்டனர்.’ நான் அதை போனில் அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் உங்கள் குரல் கேட்டது.

“தங்க வெச்சாங்களா? இவங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா ரிப்போர்ட்டரே?”

உள்ளே கோமதி அழுதுகொண்டிருந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள்.

“மனு குடுத்துட்டு ஒடனே போயிடலாம்னு வந்தங்க. புள்ள புட்டிப்பால் வாயில வெக்காதுங்க.”

இன்ஸ்பெக்டர் மரியாதை தெரிந்தவர்தான். உங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். “கைதெல்லாம் இல்லீங்க மேடம். சாப்பாடு போட்டிருக்கோம், ஃபேன் போட்டிருக்கோம். மினிஸ்டர் கெளம்பினதும் விட்டுடுவோம்.”

“கைது இல்ல?”

“இல்லவே இல்லீங்க.”

“அப்ப இவங்க வெளிய போலாமா?”

“அது எப்படிங்க... மேல ஆர்டர்.”

நீங்கள் குரலை உயர்த்தவில்லை, உட்காரவும் இல்லை. கோமதியிடம் திரும்பினீர்கள். “எழுந்திரும்மா. வாசல் வரிக்கும் நட. ஓடாத, யாரையும் தள்ளாத.” பிறகு அவரிடம்: “அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போவுது. தடுத்தீங்கன்னா அது கைது. கைதுன்னா காரணம் சொல்லணும், மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். மனு குடுக்கப் போனதுதான் குத்தம்னு அங்க சொல்லுவீங்களா? ரிப்போர்ட்டர் பாத்துகினு இருக்காரு. அவருக்கு இன்னிக்கு வேற வேல இல்ல.”

கோமதி நடந்தாள். வாசலில் நின்ற பெண் காவலர் அவளுடைய நனைந்த ரவிக்கையைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் போனைக் காதில் வைத்தபடி மேடைப் பக்கம் போய்விட்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. தாழ்ப்பாளை அந்தப் பெண் காவலரே நீக்கினார். “எதிர்ல ஆட்டோ நிக்கும், சீக்கிரம் போ.”

எலுமிச்சைச் சாதம் சாப்பிட்ட காகிதத் தட்டை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்தார். “அது போலாம்னா நானும் போலாந்தான?” என்று கேட்டார். கேட்டபடியே அவரும் நடந்தார். பிறகு எல்லோரும்.

அன்று மாலை மனு கொடுக்கப்பட்டது. நிலத்துக்காக நீங்கள் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். டீக்கடையில் நான் உங்களைப் பாராட்டப் போக, நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “எனக்கா பயந்தாரு அவரு? கைதுன்னா காரணம் சொல்லணும்னு அரசியல் சட்டத்துல ஒரு வரி இருக்கு, அதனால போனத் தூக்கினு போனாரு. இல்லன்னா எனக்கும் ஒரு தட்டு எலுமிச்ச சாதம்தான்.”

மண்டபங்கள் அப்படியேதான் இருக்கின்றன. போன மாதம் கீழ்பென்னாத்தூரில், கடைகளை அகற்றுவதை எதிர்த்தவர்களை ஒன்றில் வைத்திருந்தார்கள். அங்கே நீங்கள் இல்லை. நான் வக்கீலும் இல்லை. ஆனால் நிருபர் கேள்வி கேட்கலாம்.

“கைது பண்ணிருக்கீங்களா சார்?”

“இல்ல சார், சும்மா உக்கார வெச்சிருக்கோம்” என்றார் இளம் எஸ்.ஐ.

“அப்ப இவங்க வெளிய போலாமா?”

எல்லோர் காதிலும் விழும்படிதான் கேட்டேன். அவர் போனை எடுத்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் மெல்ல எழுந்து, தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.