மூன்று ஸ்பூன் பரங்கிக்காய்

கிட்வாய் நகர்,
ஞாயிறு காலை

கண்ணம்மா,

லே மலைநகரில் உனக்கு சிக்னல் கிடைக்காததால் எழுதுகிறேன். நம் ஆதிரை இன்று முதன்முதலாகப் பரங்கிக்காய் சாப்பிட்டாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிண்ணத்தையும் ஸ்பூனையும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். காயைத் தோல் சீவி, இட்லிப் பானையில் குழைய வேகவைத்து மசித்து ஆறவிட்டேன். உப்பும் சர்க்கரையும் சேர்க்கவில்லை. முதல் ஸ்பூனை என் சட்டையிலேயே துப்பினாள்.

மாடி வீட்டு விசாலாக்ஷி மாமி தேன் பாட்டிலோடு வந்தார்.

"ரெண்டு சொட்டு விடுப்பா, ஜல்தி முழுங்கிடுவா."

"ஒரு வயசு ஆகாம தேன் கூடாது மாமி. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

"அச்சா? நான் என் பசங்களுக்குக் குடுத்தேனே!"

முகம் சுருங்கினாலும் மாமி பாட்டிலை மூடிவிட்டு, குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து வாயை அகலமாகத் திறந்து காட்டினார். அவளும் திறந்தாள். மூன்று ஸ்பூன் உள்ளே போயிற்று! எச்சில் பட்ட மீதியை எடுத்து வைக்காமல் கொட்டிவிட்டேன்.

புதிய உணவு எதுவானாலும் மூன்று நாள் பார்க்க வேண்டுமாம். அதனால் கேரட் புதன்கிழமைதான்.

பிரசவ லீவு முடிந்து நீ மறுபடி ராணுவ மருத்துவமனை வேலைக்குக் கிளம்பிய அன்று, குழந்தை பட்டினி கிடக்கும் என்று ஏர்போர்ட்டில் நான் கத்தியதைத் திரும்ப எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீ பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

எங்களை நினைத்துச் சீக்கிரமே லீவு கேட்டு வர வேண்டாம். குறித்த தேதிக்கு வந்தால் போதும். நாங்கள் இருவரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் காத்திருப்போம்.

உன்னவன்