ஒரு சொட்டும் குடிக்காத அண்ணனுக்கு

என் பிரியமுள்ள அண்ணே,

போன வாரம் தஞ்சாவூரில் என் ஈரலைப் பரிசோதித்தார்கள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அதற்கு முன்பே ஒருநாள், சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றார்கள். எனக்கு உன் வயிறுதான் கண்முன் வந்தது. கடைசி மாதங்களில் வேட்டி நிற்காத அளவுக்கு வீங்கிப்போன வயிறு. உனக்கும் இப்படித்தானே தொடங்கியது? அன்றைக்கு உன் ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க, ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டும் என்றார்கள். "அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்" என்று திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்பிவிட்டாய். குறுவை அறுத்தாய், தாளடி நட்டாய். ரத்த வாந்தி எடுத்த பிறகுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நீ போன பிறகு அண்ணி பட்டது உனக்குத் தெரியாது. கருமாதிப் பந்தலிலேயே, "குடிக்காமயா ஈரல் போகும்? யாருக்கும் தெரியாம குடிச்சிருப்பான்" என்று பேசினார்கள். அண்ணி காதில் விழுந்தது. எத்தனை பேரிடம் போய் இல்லை என்பார்?

எனக்கும் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அந்த ஊசியை நினைத்தாலே பயம். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காலையில் அண்ணி பஸ் ஏறித் திருவையாற்றுக்கு வந்து என் வாசலில் நின்றார்.

"கெளம்பு செல்வி. உங்க அண்ணன்கிட்ட கெஞ்சுன மாதிரி உன்கிட்டயும் கெஞ்ச மாட்டேன்."

வெறும் வயிற்றோடு போனோம். அங்கிருந்த பெண் என்னை மல்லாந்து படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ளச் சொன்னாள். விலாவில் ஜில்லென்று எதையோ தடவினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஊசி எப்பம்மா?" என்றேன்.

"ஊசியே கெடையாதும்மா. லேசா தட்டுற மாதிரி இருக்கும்."

யாரோ விரலால் சுண்டுவது போலச் சில தட்டுகள். அவ்வளவுதான். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அந்த மெஷின் சொல்லிவிடுமாம். அன்றைக்கு உனக்கு இது கிடைத்திருந்தால் தள்ளிப்போடாமல் போய்ப் படுத்திருப்பாயா, அண்ணே?

"தழும்பு ஆரம்பிச்சிருக்கும்மா, ஆனா முத்தல" என்றார் டாக்டர். "எடையக் கொறச்சு, சர்க்கரையக் கட்டுக்குள்ள வச்சா தேறிடலாம்." வீட்டில் வேறு யாருக்காவது ஈரல் நோய் உண்டா என்று கேட்டார். உன்னைச் சொன்னேன்.

அண்ணி தலை நிமிராமல், "ஆனா அவரு குடிக்க மாட்டாரு சார்" என்றார்.

"குடிக்கணும்னே இல்லம்மா. ஒரு சொட்டு தொடாதவங்களுக்கும் கொழுப்பு சேர்ந்தே ஈரல் இப்படிப் போகும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

டாக்டர் திகைத்துப் பார்த்தார். பிறகு நிதானமாக, மறுபடியும் சொன்னார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீ போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, எங்கே போய் வருகிறீர்கள் என்று சும்மா கேட்டார். அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். உன் பெயரையும் சொன்னார். இறங்கும்வரை வாய் ஓயவில்லை.

இப்போது சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். நெல் விளைகிற வீட்டில் அது லேசான காரியமா? சாயங்காலம் ஆற்றங்கரையில் நடக்கிறேன். அடுத்த வருஷம் மறுபடி பார்க்கவேண்டும் என்றிருக்கிறார்கள். கண்டிப்பாகப் போவேன். அண்ணியையும் அழைத்துப்போய், அவருக்கும் பரிசோதிக்கச் சொல்வேன்.

உன்னைப் பார்க்க மட்டும் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டேன், அண்ணே. கோபித்துக்கொள்ளாதே.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி