அம்மா படத்துக்கு அடித்த வார்னிஷ்

ஸ்ரீ ஆதிநாதர் துணை

செஞ்சி
12-2-1966

அன்பு மகள் நீலாஞ்சனாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பரோடா குளிரில் பிடித்த சளி உனக்கு விட்டதா என்று எழுது. கார்த்திகையில் உன் அம்மாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, வேறு குறை இல்லை. அவலூர்பேட்டை மண்டிக்கு இரண்டு போர்டு, ஒரு பஸ்ஸுக்குப் பெயர் என்று எனக்கு வேலை இருக்கிறது. காலேஜ் கண்காட்சிக்கு நீ லீவில் வரைந்த அம்மா படத்தை அனுப்பச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டாய், நானும் கட்ட அட்டை கிடைக்கவில்லை, தபாலாபீசில் கூட்டம் என்று எழுதி வந்தேன். எல்லாம் பொய். படம் கெட்டுவிட்டது, கெடுத்தவன் நான்.

கண்ணாடி போட்டு மாட்டுங்கள், கை படக்கூடாது என்று நீ சொல்லிவிட்டுத்தான் போனாய், நான்தான் கண்ணாடி போடாமல் மாட்டினேன். ஐப்பசி மழையில் சுவரெல்லாம் ஓதம், காற்றடித்தால் படத்திலிருந்து உன் கலர் சாக்பீஸ் தூள் உதிர்ந்தது. நான் யாரிடமும் கைகட்டித் தொழில் கற்றவன் இல்லை, இருபத்தெட்டு வருடமாக எழுதிய எந்தப் போர்டையும் வார்னிஷ் அடிக்காமல் விட்டதும் இல்லை. அந்தத் திமிரில் படத்துக்கும் ஒரு கை அடித்தேன். பிரஷை எடுப்பதற்குள் நெற்றியிலும் கன்னத்திலும் நீ கடைசியாக வைத்த வெளிச்சமெல்லாம் ஈரத்துணி மாதிரி இருண்டு உள்ளே போய்விட்டது, அடியில் இருந்த பச்சையும் ஊதாவும் மேலே வந்து நின்றன. நீ அந்தப் பச்சையைத் தடவியபோதுதான் பக்கத்து வீட்டு விஜயா எதிரில் "இன்னாம்மா, உங்கம்மா மூஞ்சில பாசி புடிச்சிருக்குதா?" என்று சிரித்தேன். நீ படத்தை முடித்தாய், அப்புறம் லீவு முடியும்வரை கலர் பெட்டியைத் திறக்கவில்லை. வார்னிஷ் அடித்த மறுநாள் காலை உன் அம்மாவைச் சன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்தேன். தாடைக்குக் கீழே பச்சை இருக்கத்தான் இருக்கிறது.

காலேஜில் கற்றதாக முன்பு நீ எழுதியிருந்தபடி எண்ணெயில் கலரை மெல்லக் கரைத்து, அடியில் இருப்பது தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு பலகையில் பூசிப்பார்த்தேன், அம்மா முகத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று. ஒவ்வொரு பூச்சும் காய மூன்று நாள் விடச் சொன்னாய், எனக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை, மூன்றாவது பூச்சில் சேறாகிவிட்டது. இப்போதும் சொல்கிறேன், போர்டுக்கு உன் முறை உதவாது, பஸ்ஸில் போகிறவனுக்கு எழுத்துத் தெரிய வேண்டும். முகத்துக்கு என் முறை உதவாது, அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். உன் அம்மா, "லீவுக்கு வரச்சொல்லுங்க, மறுபடியும் உக்காந்துக்கறேன், ஆனா நீங்க மட்டும் டப்பாவத் தூக்கிக்கினு கிட்ட வரக்கூடாது" என்கிறாள். உட்காருவாள், ஆனால் அந்தப் பல்லோடு இருந்த முகம் இனி யாருக்கும் கிடைக்காது.

ஆதிநாதர் அருளால் நீ தீர்க்காயுசாக இருந்து, எடுத்த படிப்பை நல்லபடி முடிக்க வேண்டும். வேலை மும்முரத்தில் நம் வழக்கத்தை மறந்துவிடாமல் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு. படத்தை இருக்கிறபடியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன், இப்போது கண்ணாடி போட்டுத்தான். கண்காட்சிக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். உன் வாத்தியார் கேட்டால் காகிதம் மட்டம், மழை பட்டது என்று எனக்காக எதையும் சொல்லி மறைக்க வேண்டாம். படம் நான் வரைந்தது, வார்னிஷ் என் நைனா அடித்தது என்று சொல்.

இப்படிக்கு
உன் நைனா
சீதளநாதன்