தனியேலு வாய் தவறிச் சொன்னது

அன்பு மகள் பெனீனாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பிரிஸ்பேனில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். தென்கரையில் நீ ஏற்பாடு செய்த விடுமுறை முடிந்து நேற்று ஆப்பியாவுக்கு, நம் வீட்டுக்கு, வந்து சேர்ந்தோம். பெட்டியெல்லாம் மணல். முதல் இரண்டு நாள் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாமல் விடுதிச் சமையல்கட்டுக்குள் போய்த் துரத்தப்பட்டேன். அப்பா குடிலில் கால் நீட்டிக்கொண்டு, கடலில் பலகைமேல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "வேல வெட்டி இல்லாதவனுங்க, ஒரு அலைக்காக மணிக்கணக்கா காத்துக் கெடக்கானுங்க" என்று முணுமுணுத்தார். மூன்றாம் நாள் எனக்கு முன்னால் எழுந்து அதையே பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு வேடிக்கை வேறு இடத்தில். விடுதியை நடத்தி, வருகிறவர்களுக்கு அலைச்சறுக்கும் சொல்லித் தருகிற தனியேலுவை உனக்குத் தெரிந்திருக்குமே! அப்பா கேட்குமுன்னே, அவர் வழக்கமாகக் குடிக்கிற சர்க்கரை போடாத கோகோவைக் கொண்டுவந்து வைத்தான். எனக்குப் பல்லி ஆகாது என்று யாரிடமும் நான் சொல்லவில்லை, அவனோ கூரையை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கை விரித்தான். என் மூளை குடைய ஆரம்பித்தது. மறுநாள் வாழைப்பழம் உரித்துக்கொண்டே, "எங்க பொண்ணு சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்து வலது கைய ஒடச்சிக்கிட்டா தம்பி" என்றேன். "இடது கைம்மா" என்றான். சொன்ன பிறகு வாயை மூட மறந்து நின்றான், முகம் வேகவைத்த நண்டு மாதிரி. ஒரு பழத்தை அவன் கையில் வைத்து உட்காரச் சொன்னேன். பிரிஸ்பேனில் வேலை பார்த்த காலத்தில் உன் சபையில் பாட வந்தது முதல் எல்லாம் சொன்னான். "அவதாம்மா சொல்ல வேணாம்னா. மொதல்ல அப்பா என்னை மனுசனா பாக்கட்டும், மாப்பிள்ளையா அப்புறம் பாக்கட்டும்னா" என்றான். அடி கள்ளி, அப்பாவுக்கு ஒளித்தாய் சரி, எனக்குமா? கோபம் வந்தது, ஆனால் அவன் பழத்தை உரிக்காமலே கையில் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்பாவிடம் நான் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடலில் இறங்கக் கூடாத நாள் என்று தெரியாமல் வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, தனியேலு வழியில் நின்று, "இன்னிக்குக் கடலுக்கே லீவு, எங்ககூட கோயிலுக்கு வாங்க, சாப்பாடு கெடைக்கும்" என்று சிரிக்க வைத்தே திருப்பிவிட்டான். கோயிலில் அவன் அடிக்குரலில் பாடியபோது அப்பா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமை என்ன நடந்தது தெரியுமா, உன் அப்பா தானாகவே போய், "என்னையும் ஒரு தடவ ஏத்திவிடுப்பா" என்று கேட்டுவிட்டார்! குப்புறப் படுத்தபடி, பஸ் ஓட்டின காலத்துக் குரலில் "வழி விடு, வழி விடு" என்று கத்திக்கொண்டே கரைக்கு வந்தார், இடுப்புத்துணி மட்டும் அலையோடு போய்விட்டது. கரையே சிரித்தது, நானும்தான். தனியேலு நீந்திப் போய் எடுத்துவந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பாதி வழி டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, "அவன் ஒருத்தன்தான் சிரிக்கல. ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றார். எதற்கு என்று மெதுவாகக் கேட்டேன். "நம்ம பெனீனாவுக்கு இப்படி ஒருத்தன் கெடைச்சா நல்லாருக்கும்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியாமல் சொன்னாரா, என்னை ஆழம் பார்த்தாரா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

போனில் பேசினால் அவர் காதில் விழும் என்று, நாளை அங்கே வரும் போதகர் மனைவியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னையும், நீ தேர்ந்தெடுத்தவனையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அப்பாவைக் கூப்பிட்டு உன் வாயால் சொல்லிவிடு. நேற்று வந்ததிலிருந்து போன் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் அவர்தான் ஓடிப்போய் எடுக்கிறார்.

பாசத்துடன்,
உன் அம்மா லோசா