இடது சக்கரத்துச் சந்தனம்

உன் காரின் இடது முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்கைத் தட்டி எடுத்தேன். டிஸ்க் பதிந்து உட்காரும் இரும்பு முகத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்தேன். நடுவில் மங்கலாகச் சிவப்பு தெரிந்தது. விரலை நனைத்துத் தேய்த்து முகர்ந்தால் சந்தனம்.

நீ போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மூன்று கை மாறிய ஸ்போர்ட்ஸ் காரை நீ பாபநாசத்துக்கு ஓட்டி வந்தபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். விதைக்கடைக்காரனுக்கு ரெண்டு சீட் கார். "இந்த ரோட்டுக்கு டிராக்டர் வாங்குடா" என்றேன். "டிராக்டர்ல பக்கத்து சீட் ஏது மாப்ள? என் பொண்டாட்டி எங்க உக்காருவா?" என்றாய்.

புது டிஸ்க் இரண்டும் ஊருக்கு வெளியே இருக்கும் என் பட்டறையில்தான் மாட்டினோம். நாலு மாதம் கழித்து வந்து நின்றாய். வேகத்தில் பிரேக் பிடித்தால் பெடல் காலடியில் துடிக்கிறது, ஸ்டியரிங் ஆடுகிறது என்றாய். நான் வண்டியைத் தொடக்கூட இல்லை. வாய்க்கால் பாலத்தில் இறுக்கி மிதிக்கிறாய், சூடான டிஸ்கோடு தேங்கிய தண்ணீரில் இறக்குகிறாய், அதில் டிஸ்க் கோணிவிட்டது என்றேன்.

"அப்ப மாட்டின உடனே ஏன் ஆடல? நாலு மாசம் கழிச்சு ஏன் ஆடணும்?"

"ஓட்டத் தெரியாதவன் கேள்வி கேக்காதடா."

உன் மனைவியும் அங்கே நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவில்லை. பக்கத்து சீட்டில் விதைநெல் மூட்டைதான் போனது. பிறகு மஞ்சள் காமாலை. நீ ஆஸ்பத்திரிக்குப் போனது கூட வாடகைக் காரில்.

போன வாரம் அவளே உன் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். "அப்பா வித்துருன்றாங்கண்ணே. அவரு முரட்டுத்தனமா ஓட்டிக் கெடுத்த வண்டின்னு எல்லாரும் சொல்றாங்க. நெஜமா? ஓட்டலாமா கூடாதான்னு சொல்லுங்க."

அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவனே நான்தான். அதனால் இந்த முறை டிஸ்கின் கனத்தையும் ஆட்டத்தையும் அளந்தேன்.

மாட்டின நாள் நினைவிருக்கிறதா? புதுச் சாமான் எதுவானாலும் பொட்டு வைத்துத்தான் மாட்டுவது எங்கள் பட்டறை வழக்கம். சாமி படத்தடியில் இருந்த கிண்ணத்தை நீதான் எடுத்தாய். முன்பக்கம் வைத்தால் தேய்ந்து அழிந்துபோகும் என்று யோசித்து, பின்பக்கம், நடு ஓட்டையை ஒட்டி வைத்தாய். நான் பார்த்தேன். வெளியே மூன்று வண்டி காத்திருந்தது. துடைக்காமல் மாட்டி முடுக்கிவிட்டேன்.

காய்ந்த சந்தனம் காகிதக் கனம்தான். ஆனால் நடுவில் அவ்வளவு சாய்ந்தால் ஓரத்தில் இன்னும் அதிகமாக ஆடும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பிரேக் பேடில் உரசும். உடனே ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் உரசி அந்த இடம் மட்டும் மெலிந்த பிறகுதான் கால் துடிப்பை உணரும். நீ கேட்ட கேள்விக்குள்ளேயே விடை இருந்திருக்கிறது, மடையா. மடையன் நான்.

அவளிடம் சொன்னேன். "அவன் ஓட்டினதுல தப்பில்ல தங்கச்சி. நான் மாட்டினதுல தப்பு. பின்னாடி வச்ச பொட்டத் தொடைக்காம மாட்டிட்டேன்."

கழற்றி வைத்த டிஸ்கைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "பொட்டு வைக்காம மாட்டக் கூடாதுன்னு போன்ல சொன்னது நான்தாண்ணே" என்றாள்.

"பொட்டு வைக்கலாம். அந்த எடத்துல கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

இரண்டு பக்கமும் சுத்தம் செய்து புது டிஸ்க் போட்டேன். பாபநாசம் வரை அவளே ஓட்டினாள், நான் பக்கத்தில். ரயில்வே கேட்டுக்கு முன்னால் நன்றாக மிதித்தாள். பெடல் அசையவில்லை. இன்னொரு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட விக்கலன்னு சொல்லிடுறேன்" என்றாள்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. வலது பக்கத்திலும் நீ பொட்டு வைத்திருக்கிறாய். அதே கனம், அதே இடம். அங்கே ஆட்டமே இல்லை, டிஸ்கும் மெலியவில்லை. இரண்டு காரணம் யோசித்தேன், இரண்டும் தேறவில்லை. அந்த டிஸ்கைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிறேன். வேலை இல்லாத மத்தியானங்களில் எடுத்து மறுபடி அளக்கிறேன்.