கோபி கொடுத்த பட்டம்

அன்புள்ள ஓவியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேங்கிக்காலில் நானும் அப்பாவும் சுகம். நீ சுகம் என்பதை உன் போலந்து செஸ் கிளப்பில் பக்கத்து போர்டில் ஆடும் மாரெக் சாரே நேரில் வந்து சொல்லிவிட்டார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர் மூன்று நாள் நம் வீட்டில் தங்கினார். நீ இளைத்துவிட்டாய் என்றும் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த முறையும் அரைப் புள்ளியில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் போய்விட்டது, செஸ்ஸை விட்டுவிட்டு வருகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து அப்பாவுக்கு அதே பேச்சு. வரட்டும், பேங்க் பரீட்சை எழுதட்டும். நான் மறுக்கவில்லை. நீ பக்கத்தில் இருப்பாய் என்ற ஆசை எனக்கும்.

இதற்கிடையில் உன் சித்தப்பா மகன் கோபி யாரையும் கேட்காமல் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டான். போலந்து கிராண்ட்மாஸ்டரே வருக வருக. பேனரில் சார் படத்துக்குத் தலையில் கிரீடம் வேறு. ஆங்கிலத்திலும் இருந்ததால் சார் படித்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறைக்க முடியுமா என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, அவர் கிராண்ட்மாஸ்டர் இல்லை. எதிர்வீட்டுத் தங்கம்மாள் விடுவாளா, "பன்னெண்டாவதையே ரெண்டு தபா எழுதினவன், நீ அவருக்குப் பட்டம் குடுக்கிறியா" என்றாள். கோபி அந்த வார்த்தைமேல் வெள்ளைத்தாள் ஒட்டினான்.

அன்று மாலை அப்பா விசாரித்தார். கோபிதான் மொழிபெயர்த்தான். பத்தொன்பது வயதில் போலந்தின் இளையோர் சாம்பியனாம். நாட்டு அணிக்கு இரண்டு முறை ஆடியிருக்கிறார். முப்பத்தொரு வயதில் ஒரு கடைசிச் சுற்று. எதிராளி டிரா கேட்டிருக்கிறார். கை கொடுத்திருந்தால் பட்டம். ஆனால் போர்டில் ஜெயிக்க ஒரு வழி தெரிந்ததாம். ஆடினார், தோற்றார். அதற்குப் பிறகு பட்டம் கிட்டவே வரவில்லை. பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை, சனி ஞாயிறு ஆட்டம். இப்போது வயது அறுபத்தெட்டு.

"அப்ப இத்தினி வருஷம் எதுக்குங்க ஆடினீங்க?" என்று அப்பா கேட்டார். சார் உன் பழைய போர்டை எடுத்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து வைத்துக் காட்டினார். குதிரை எப்படிப் போகும் என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு சார் ஏதோ சொன்னார். கோபி சொன்னான்: "இன்னிக்குக் கேட்டாலும் டிரா வேணாம்னுதான் சொல்வாராம்."

சார் கிளம்பிய பிறகு அப்பா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆட்டம் புடிக்கலன்னா அவ வரட்டும். பட்டம் வரலன்னு வர வேணாம்."

எனக்கும் அதுதான். சார் கிளம்பும்போது நன்றியாக வேர்க்கடலை உருண்டை கட்டிக் கொடுத்தேன். பாதி உனக்கு, கேட்டு வாங்கிக்கொள். அண்ணாமலையார் உன்னோடு இருப்பார். குளிருக்குக் காலுறை போட மறக்காதே. எதுவானாலும் நீயே முடிவு செய். எப்போது வருவாய் என்று நாங்கள் இனி கேட்கமாட்டோம்.

ஆசிகளுடன்,
அம்மா ரேணுகாம்பாள்